ஏர்னஸ்ற் அண்ணையின் ஆட்களும் பிரசாந்தின் பரீட்சையும்

பலெர்மோவில், பல்லாரோ சந்தைக்குப் பின்னால், அல்பெர்கேரியாவின் ஒடுக்கமான சந்து ஒன்றில் ஒரு கோப்பிக் கடை இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஏர்னஸ்ற் அங்கே வந்து நடுமேசையில் உட்காருவார். அவர் உட்கார்ந்ததும் கடை கந்தோராக, அதாவது அவருடைய அலுவலகமாக, மாறிவிடும். வேலை கேட்டு வந்தவர்கள் ஆளுக்கொரு கோப்பியைச் சொல்லிவிட்டு, அதைக் குடிக்காமல், அவருடைய முகம் தங்கள் பக்கம் திரும்பும்வரை நிற்பார்கள்.

எல்லோருக்கும் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பாப்பம்." ஆனால் அதைச் சொல்லும் விதத்தைக் கவனிக்க வேண்டும். இழுத்துச் சொன்னால் வேலை இல்லை. இரண்டு தரம் வேகமாகச் சொன்னால் அடுத்த மாதமளவில் ஏதாவது நடக்கும். வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னால், கேட்டவர் தன் மனைவியை யோசப்பினிடம் அனுப்ப வேண்டும். யோசப்பின் ஏர்னஸ்றின் மனைவி.

ஏர்னஸ்ற் ஊர்காவற்றுறையில் பிறந்தவர். இப்போது ஐம்பத்தெட்டு வயது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே வந்து, ஒரு மாடிக் கட்டடத்தில் படிக்கட்டுக் கழுவினார். அந்தக் கட்டடத்தில் ஒரு டொத்தோரே குடியிருந்தார். இத்தாலியில் பட்டம் பெற்ற எல்லோரும் டொத்தோரே. பெறாதவர்களிலும் கோட்டுப் போட்டவர்கள் டொத்தோரே. இவர் எந்த வகை என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் துப்பரவு வேலைக்கான கூட்டுறவு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, பெரிய அரசாங்கக் கட்டடம் ஒன்றைத் துப்பரவாக்கும் வேலையைக் குத்தகைக்கு எடுத்தார். எடுத்த பிறகுதான் கழுவுவதற்கு ஆட்கள் வேண்டுமென்பது அவருக்கு நினைவு வந்தது. படிக்கட்டில் குனிந்து நின்ற ஏர்னஸ்றிடம், "நாளைக் காலை பதினைந்து பேர் வேண்டும், முடியுமா?" என்று கேட்டார். மறுநாள் காலை ஏர்னஸ்ற் பதினாறு பேருடன் போய் நின்றார். அன்றிலிருந்து அவர் கப்போ, அதாவது துப்பரவுக்காரர் எல்லோருக்கும் தலைவர்.

கூட்டுறவு என்பதால் சட்டப்படி அங்கே வேலை செய்யும் எல்லோரும் அதன் உரிமையாளர்கள். வருடத்தில் ஒருநாள், கையெழுத்து வைக்கக் கூப்பிடும்போது, இந்தச் செய்தி அவர்களுக்குத் தெரியவரும்.

ஏர்னஸ்ற் வேலை எடுத்துக் கொடுப்பதற்கு ஒரு சதமும் வாங்கியதில்லை. மாதா சத்தியமாக என்று சொல்வார்; அது உண்மையும்கூட. வேலை கிடைத்தவர்கள் தாங்களாகவே மனமுவந்து சனிக்கிழமை நண்டு கொண்டு வருவார்கள். தாங்களாகவே அவருடைய வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். அவருடைய மகளின் பிறந்தநாளுக்கு முதல்நாள் இடியப்பம் பிழிய எத்தனை பேர் வருவார்கள் என்றால், யோசப்பின் சிலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். மனமுவக்காதவர்களுக்கு நாலாம் மாடிக் கழிவறைகள் கிடைத்தன.

இத்தாலியர்கள் இதைக் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். கவனித்தார்கள். ஒவ்வொரு முறை குத்தகை புதுப்பிக்கும்போதும், வேலை செய்பவர்கள் ஒருவருக்கொருவர் உறவா என்று அதிகாரிகள் பார்த்தார்கள். குடும்பப் பெயர்களை ஒப்பிட்டார்கள். ஒன்றுகூட ஒத்துவரவில்லை. எங்கள் ஆட்களுக்குத் தகப்பனின் பெயர்தான் கடைசிப் பெயர் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அண்ணனும் தங்கச்சியின் புருஷனும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பெயரோடு நின்றார்கள். "இவ்வளவு நேர்மையான ஆட்சேர்ப்பை நான் கண்டதில்லை" என்று ஒரு அதிகாரி பாராட்டியதாகவும் கேள்வி.

இந்த ஒழுங்குக்குள் வராத ஒரே ஆள் செலஸ்ரீனா. பேசாலைக்காரி, நாற்பதைத் தாண்டியவர், ஒரேத்தோவில் வாடகைக்கு இருந்தார். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் சட்டி கழுவினார். இரண்டு பேருந்து மாறிப் போய், மீன் வாடையோடு திரும்பி வர வேண்டும். ஏர்னஸ்றிடம் வேலை கேட்டார். அவரும் நல்ல மனத்தோடு, "வாற கிழமை வீட்டில சுவர் சுரண்டுற வேலை ஒண்டு இருக்கு, ஒருக்கா வாருமன்" என்றார். செலஸ்ரீனா கொஞ்சமும் யோசிக்காமல் கேட்டார்: "எத்தினை மணித்தியாலம், அண்ணை? சம்பளம் ஆர் தாறது?"

நாலு வருடமாக அவருக்கு இழுத்த "பாப்பம்"தான் கிடைத்தது.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது சீர்திருத்தம் வந்தது.

அந்த அரசாங்கக் கட்டடத்தின் தலைமை அதிகாரி, தன் மருமகனைப் பெரிய பதவி ஒன்றில் வைத்தது வெளியே தெரிந்து, இடமாற்றப்பட்டார். புதிதாக வந்தவர் இனிமேல் எல்லாம் திறமைப்படிதான் என்று அறிவித்தார். எங்கிருந்து தொடங்குவது? மேல்மாடியிலிருந்து தொடங்கினால் பல பேருடைய மனம் நோகும். ஆகவே துப்பரவுக்காரரிலிருந்து தொடங்கினார். புதிய குத்தகையில் ஒரு நிபந்தனை ஏறியது: பரீட்சை வைத்துத்தான் ஆள் எடுக்கலாம்.

டொத்தோரே உடனே உணர்ச்சிவசப்பட்டார். வேண்டியவர்களுக்கு வேலை கொடுக்கும் வழக்கம் சிசிலியின் புற்றுநோய் என்று ஒரு கூட்டத்தில் பேசினார். கூட்டத்தை ஒழுங்கு செய்தவர் அவருடைய அக்காவின் மகன். கூட்டுறவின் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி.

பரீட்சை நடத்த ஒரு பொறுப்பதிகாரி தேவைப்பட்டார். பிரசாந் நியமிக்கப்பட்டான். யாழ்ப்பாணத்துக் கோபாலசிங்கத்தின் மகன், பலெர்மோவில் பிறந்தவன், பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தவன். அமெரிக்காவில் நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்னர் அரசாங்க வேலைகளுக்குப் பரீட்சை வந்த வரலாற்றை ஆராய்ந்து பட்டம் வாங்கியவன். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். ஆனால் டொத்தோரேக்கு அவனுடைய ஆராய்ச்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிரசாந்தின் தாய் சிவமலர்தான் டொத்தோரேயின் வயது போன அம்மாவைப் பராமரிப்பவர். ஒருநாள் சூப் பருக்கும்போது, "சின்யோரா, என்ர மகன் படிச்சுப்போட்டு வீட்டிலை சும்மா இருக்கிறான்" என்று சொன்னார். அடுத்த கிழமை வேலை வந்துவிட்டது. திறமைக்கான பொறுப்பதிகாரிக்குப் பரீட்சை வைக்கப்படவில்லை. பரீட்சையே அவன் வந்த பிறகுதானே தயாரிக்கப்பட வேண்டும் என்று டொத்தோரே விளக்கினார். இது பிரசாந்துக்குத் தெரியாது. எங்களில் மற்ற எல்லோருக்கும் தெரியும்.

பிரசாந் நல்ல பிள்ளை. கோவில் மண்டபத்தில் கூட்டம் வைத்து எல்லோருக்கும் விளக்கினான்.

"அமெரிக்காவிலையும் இதே புரொப்ளேமா இருந்தது. எலெக்‌ஷன்ல வெண்டவை, தபால்கந்தோர்ல இருந்து சுங்கம் வரைக்கும் தங்கட ஆக்களைத்தான் போடுவினம். வேலை எடுத்தவை கட்சிக்கு ஊழியம் செய்ய வேணும். பேந்து ஒரு ஆள், தனக்கு வேலை தரேல்லையெண்டு ஜனாதிபதியையே சுட்டவர்."

முன்வரிசையில் இருந்த ஏர்னஸ்ற் தொண்டையைச் செருமினார். "செத்துப்போனாரோ, தம்பி?"

"ஓம் அங்கிள். கொஞ்சக் காலம் இழுத்துத்தான் செத்தவர்."

"சுட்டவனுக்கு முதல்லை என்ன மறுமொழி சொன்னவையாம்?"

"சரியாத் தெரியேல்லை. கன தரம் போய்க் கேட்டவராம். பிறகு பாப்பம், பிறகு பாப்பம் எண்டு அனுப்பியிருப்பினம்."

ஏர்னஸ்ற் மெதுவாகத் திரும்பி, பின்வரிசைகளைப் பார்த்தார்.

"அதுக்குப் பிறகுதான் சட்டம் வந்தது," என்று பிரசாந் தொடர்ந்தான். "பரீட்சை பாஸ் பண்ணினாத்தான் வேலை. அங்கை ஏற்கெனவே வேலையிலை இருந்தவையைக் குழப்பேல்லை. இஞ்சையும் அப்பிடித்தான். வாற மாதம் முதலாந் திகதிக்கு முதல் பதிஞ்சவைக்குப் பரீட்சை இல்லை. அதுக்குப் பிறகு வாறவை எழுத வேணும்."

நீதி எப்போதும் பிந்தித்தான் வரும் என்பதை இந்தக் கதை எல்லோருக்கும் உணர்த்தியிருக்கும் என்று பிரசாந் நினைத்தான். ஏர்னஸ்ற் உணர்ந்தது இரண்டு விடயம். அடுத்த ஞாயிறு கோப்பிக் கடையில் அவர் நடுமேசையை விட்டு, முதுகு சுவரில் முட்டும்படி மூலைமேசையில் உட்கார்ந்தார். இரண்டாவது, முதலாந் திகதி வருவதற்குள் யார் யாரையெல்லாம் பதிய முடியுமோ பதிந்துவிட வேண்டும்.

அந்த மாதக் கடைசியில் நடந்த ஆட்சேர்ப்பைப் போல முன்னும் பின்னும் நடக்கவில்லை. "பாப்பம்" என்ற சொல்லே வழக்கொழிந்தது. அடையாள அட்டையோடு வந்த எல்லோருக்கும் "வாரும், வாரும்" என்றார். அப்படி உள்ளே போனவர்களில் யோசப்பினின் தம்பி விமலராஜும் ஒருவன். வாளியைக் கண்டால் முதுகு பிடித்துக்கொள்ளும் ஆள். இரண்டு வருடமாக வேலை கேட்டுக்கொண்டிருந்தவன். கோபக்காரன் வேறு.

"இவனையேன் போட்டனீங்கள்?" என்று யோசப்பினே கேட்டார். "என்ர தம்பி எண்டாலும் சொல்லுறன், இவன் தான் குடிச்ச கோப்பையைக்கூடக் கழுவமாட்டான்."

"கன தரம் வந்து கேட்டுட்டான்," என்றார் ஏர்னஸ்ற். "எனக்குப் பயமாக் கிடக்கு."

முதலாந் திகதிக்குப் பிறகு வேலை கேட்டு வந்தவர்களுக்குப் பரீட்சை நடந்தது. கேள்விகளைத் தயாரித்தவர் டொத்தோரேயின் தரக் கட்டுப்பாட்டு மருமகன். தரை துடைப்பதைப் பற்றி இரண்டு கேள்வி இருந்தது. மற்றவை ஐரோப்பிய ஒன்றியத்தின் குறிக்கோள்கள், நிலைத்த வளர்ச்சி, சிவப்பு நிறத்தின் உளவியல் என்று போயின. போன மாதம் ஏர்னஸ்றிடம் போய்க் கேட்காத செலஸ்ரீனா முதலாவதாக வந்தார். குடியுரிமைக்காக இத்தாலியப் பரீட்சைக்குப் படித்தது அவருக்குக் கை கொடுத்தது. சிவப்பு நிறத்தைப் பற்றி என்ன எழுதினார் என்று கேட்டபோது, "சிவப்புத் துணி கழிவறைக்கு, அதாலை மேசை துடைக்கக் கூடாதெண்டு எழுதினனான்; உளவியல் எனக்குத் தெரியாது" என்றார்.

திறமைக்குக் கிடைத்த முதற் பரிசு என்னவென்றால், புதியவர்களின் ஒப்பந்தத்தில் வேலை மணித்தியாலம் பழையவர்களுடையதில் பாதி. காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம். நடுவில் வீட்டுக்குப் போய் வர நேரம் போதாது. செலஸ்ரீனா அந்த நேரத்தில் கட்டடத்துக்கு எதிரிலிருந்த சதுக்கத்து வாங்குப் பலகையில் புறாக்களோடு இருந்தார்.

பழையவர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். பரீட்சை எழுதினவைக்குப் பாதி வேலை, எழுதாதவைக்கு முழு வேலை. அந்தச் சிரிப்பு கோடைவரை நின்றது.

கோடையில் பழையவர்களின் நேரமும் வெட்டப்பட்டது. சமத்துவம் என்று அதற்குப் பெயர். எல்லோருடைய போனிலும் ஒரு செயலி ஏற்றப்பட்டது. அறைக்குள் போகும்போது அழுத்த வேண்டும். வெளியே வரும்போது அழுத்த வேண்டும். சொன்ன நேரத்துக்குள் முடித்தால் பச்சைச் சிரிப்புமுகம். பிந்தினால் மஞ்சள் அழுகைமுகம். ஒரு மாதத்தில் அழுகைமுகம் கூடினால் மணித்தியாலம் இன்னும் குறையும். விமலராஜுக்கு மட்டும் எல்லாம் பச்சையாகவே வந்தது. அவன் அறைக்குள் போய் அழுத்திவிட்டு, அப்படியே திரும்பி வெளியே வந்தும் அழுத்திவிடுவான்.

எல்லோரும் ஏர்னஸ்றிடம் ஓடினார்கள். "அண்ணை, டொத்தோரேயோட கதையுங்கோ."

ஏர்னஸ்ற் கதைக்கப் போனார். யோசப்பின் பொரித்துக் கொடுத்த இறால் றோல்ஸ் பெட்டியும் கையில் இருந்தது. இருபது முப்பது வருடமாக அவர் டொத்தோரேயிடம் வெறுங்கையோடு போனதில்லை. நண்டு அவரிடம் வந்ததைப்போல, றோல்ஸ் அங்கே போனது.

டொத்தோரே ஒன்றை எடுத்துக் கடித்தார். "ஏர்னெஸ்தோ, உன்னுடைய கஷ்டம் எனக்கு விளங்குகிறது. பழைய காலமென்றால் ஒரு போனில் முடித்திருப்பேன். ஆனால் இப்போது என் கையில் ஒன்றுமில்லை. எல்லாம் திறமைப்படி நடக்கிறது. பிரசாந்திடம் கேள்." பிறகு இரண்டாவதை எடுத்தார்.

பிரசாந் மாடியில் கணினிக்கு முன்னால் இருந்தான். "அங்கிள், மணித்தியாலம் வெட்டுறது நானில்லை. செயலி கணக்குப் பாத்துச் சொல்லுது."

"செயலிக்கு ஆர் சொன்னது?"

"டொத்தோரே."

"அவர் உம்மட்டைக் கேக்கச் சொல்லுறாரே?"

"அது எனக்கும் விளங்கேல்லைத்தான்," என்றான்.

அந்த ஞாயிறு ஏர்னஸ்ற் கோப்பிக் கடைக்குப் போகவில்லை. ஆட்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். குசினி, நடை, படிக்கட்டு எல்லாம் ஆட்கள். அவர்களுக்குள் செலஸ்ரீனாவும் நின்றார். முதல் தடவையாக அந்த வீட்டுக்கு வருகிறார்.

"அண்ணை, ஷோப்பெரோ செய்வம்," என்றார்.

ஷோப்பெரோ என்றால் வேலைநிறுத்தம். பலெர்மோவில் பேருந்துக்காரர் செய்வார்கள், குப்பைக்காரர் செய்வார்கள், பள்ளிக்கூடக்காரர் செய்வார்கள். வெள்ளிக்கிழமை என்றால் யாராவது செய்வார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் செய்ததில்லை. காரணம் ஏர்னஸ்ற்தான். தொழிற்சங்கக்காரனோடு ஒரு சொல் கதைத்தாலே பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, பறிபோய்விடும் என்று அவர் வருடக்கணக்காகச் சொல்லிவந்தார். தொடக்கத்தில் அது அவர் யோசித்துச் சொன்ன பொய். நாளடைவில் அவரே அதை நம்பத் தொடங்கியிருந்தார்.

"விசர்க் கதை கதையாதையும், பிள்ளை. பெர்மெஸ்ஸோ போயிடும்."

"போகாது. நான் சிந்தக்காத்தோவிலை, அதான் தொழிற்சங்கத்திலை, போய்க் கேட்டனான். அப்பிடி ஒரு சட்டமே இல்லையாம். ஆர் இப்பிடிச் சொன்னதெண்டு என்னட்டைத் திருப்பிக் கேட்டவை."

"நீர் என்ன சொன்னனீர்?"

"பேர் சொல்லேல்லை, அண்ணை."

எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் ஏர்னஸ்றைக் கோபிக்கவில்லை, அதுதான் அவரைக் குத்தியது. கோபித்தால், தன்னால் ஏதோ முடியும் என்று இன்னும் நினைக்கிறார்கள் என்றாவது ஆகும். யோசப்பின் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, சத்தமில்லாமல் சொன்னார்: "இஞ்சேருங்கோ, இவை உங்களைக் கேக்க வரேல்லை. செய்யத்தான் போயினம். சொல்லிப்போட்டுப் போக வந்திருக்கினம்."

அப்படித்தான் ஏர்னஸ்ற் வேலைநிறுத்தத்தில் சேர்ந்தார். கொள்கையால் அல்ல; தான் மட்டும் வாளியோடு உள்ளே போவதை மனக்கண்ணில் பார்த்ததால்.

முறைப்படி முன்னறிவித்தல் கொடுத்து, ஒரு திங்கட்கிழமை காலை எல்லோரும் கட்டட வாசலில் கூடினார்கள். பின்னால் நிற்கும் பழக்கம் ஏர்னஸ்றுக்கு இல்லை. ஆகவே முன்னால் நின்றார். படம் எடுக்க வந்தவன் முன்னால் நின்றவரை எடுத்தான். மறுநாள் பத்திரிகையில், "சுரண்டலுக்கு எதிராகப் புலம்பெயர் தொழிலாளர் தலைவர்" என்று அவருடைய படம் வந்தது. பல்லாரோவில் மரக்கறிக்காரன் அவருக்கு ஒரு கத்தரிக்காய் சும்மா கொடுத்தான். ஏர்னஸ்ற் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செலஸ்ரீனாதான் துண்டுப்பிரசுரம் எழுதியது, சங்கத்தோடு பேசியது, தண்ணீர்ப் போத்தல் கொண்டு வந்தது. அவர் படத்தின் ஓரத்தில் பாதித் தோளாக இருந்தார்.

கட்டடத்துக்குள்ளே வேலை செய்த அலுவலர்கள் முழு ஆதரவு தந்தார்கள். போகும்போதும் வரும்போதும் கையை உயர்த்தி, "நல்லது, விடாதீர்கள்!" என்றார்கள். இரண்டாம் நாள், "விடாதீர்கள், ஆனால் இரண்டாம் மாடிக் கழிவறையை மட்டும் ஒருக்கால் பார்க்க முடியுமா?" என்றார்கள். மூன்றாம் நாள் அவர்களில் பலர் எதிரிலிருந்த கோப்பிக் கடையிலேயே அலுவலகம் நடத்தினார்கள். நாலாம் நாள் தலைமை அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, கைக்குட்டைக்குள்ளால், எல்லோருடைய உரிமையையும் தான் மதிப்பதாகச் சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

மாடியிலிருந்து இறங்கி வந்த பிரசாந்தை செலஸ்ரீனா மறித்தார். "தம்பி, உம்மட அமெரிக்காவிலை, பரீட்சை வைச்ச பிறகு வேலை செய்யிற சனம் சந்தோசமா இருந்ததோ?"

"இல்லை அன்ரி. அந்தக் காலத்திலைதான் பெரிய ஷோப்பெரோ எல்லாம் நடந்தது. றெயில்வேக்காரர் றெயிலையே நிப்பாட்டினவை. ராணுவம் வந்து சுட்டது."

"அதையேன் அண்டைக்குக் கூட்டத்திலை சொல்லேல்லை?"

பிரசாந் தலையைச் சொறிந்தான். "அது வேற அத்தியாயம், அன்ரி."

அன்று மத்தியானம், சதுக்கத்து மரநிழலில் இருந்தபோது, ஏர்னஸ்றின் போன் அடித்தது. டொத்தோரே. இத்தனை வருடத்தில் டொத்தோரே தானாக எடுத்த முதல் அழைப்பு. ஏர்னஸ்ற் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

"ஏர்னெஸ்தோ, நண்பனே," என்றார் டொத்தோரே. நண்பன் என்பதும் புதிது. "இந்த விளையாட்டு போதும். நாளைக் காலை எனக்குப் பதினைந்து பேர் வேண்டும், அந்த முதல் நாளைப்போல. பரீட்சையை மறந்துவிடு. நீ சொல்லும் ஆட்களை அப்படியே எடுக்கிறேன். இனிமேலும் நீ சொல்வதுதான். உனக்கு முழு மணித்தியாலம். சரியா?"

ஏர்னஸ்ற் அந்தப் பதினைந்து பேரையும் மனதில் உடனே எண்ணிவிட்டார். கத்தானியாவிலிருந்து போன கிழமை வந்த இரண்டு பொடியள், யோசப்பினின் ஒன்றுவிட்ட அக்கா குடும்பம், மெஸ்ஸீனாவில் வேலை போனவர்கள். பின்னேரத்துக்குள் கூட்டிவிடலாம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி ஆகிவிடும். மரநிழலில் இருந்தவர்களைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு இருந்தார்கள். பெரும்பாலோரை ஒரு காலத்தில் அவர்தான் கூட்டிக்கொண்டு போனவர். டொத்தோரேயிடம் ஆட்கள் இருந்ததே இல்லை. அவரிடம் இருந்தது குத்தகை மட்டும்தான் என்பது ஏர்னஸ்றுக்கு இத்தனை காலம் பிந்தி, அந்த வெயிலில் உறைத்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

"டொத்தோரே," என்றார் மிகுந்த மரியாதையோடு, "என்னுடைய கையில் ஒன்றுமில்லை. எல்லாம் இப்போது திறமைப்படி நடக்கிறது. பிரசாந்திடம் கேளுங்கள்."

போனை வைத்த கையோடு செலஸ்ரீனாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். செலஸ்ரீனா நம்பாமல் அவருடைய முகத்தையே பார்த்தார். "உண்மையாவோ, அண்ணை?"

"மாதா சத்தியமா."

டொத்தோரே பிரசாந்தைக் கூப்பிட்டார். அங்கே நடந்ததைத் தரக் கட்டுப்பாட்டு மருமகனே பின்பு கோப்பிக் கடையில் சொல்லிச் சிரித்தான். பரீட்சை எழுதாத பதினைந்து பேரைப் பதியச் சொன்னார் டொத்தோரே. பிரசாந் முடியாது என்றான். பரீட்சை இல்லாமல் ஆள் எடுத்தால் குத்தகை ரத்தாகும், நிபந்தனையில் இருக்கிறது, பரீட்சைக்கு விளம்பரம் போட்டு முப்பது நாள் காத்திருக்க வேண்டும் என்றான். டொத்தோரே மேசையில் அடித்தார். "திறமையைப் பற்றி நீ எனக்குப் படிப்பிக்கிறாயா? என் அம்மாவுக்குச் சூப் பருக்கும்போது உன் தாய் கெஞ்சியதால்தான் நீ இந்தக் கதிரையில் இருக்கிறாய்!"

பிரசாந் நிறம் மாறி நின்றானாம். பிறகு, "அப்படியென்றால் நான் பிழையான வழியில் வந்தவன். நான் வந்த வழியில் இன்னும் பதினைந்து பேரை விட மாட்டேன்," என்றானாம். அதைச் சொன்னபோது குரல் அழுவதைப்போல இருந்தது என்று மருமகன் நடித்துக் காட்டினான். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆள் இல்லை, சட்டமும் விடவில்லை, நாற்றமோ மேல்மாடிக்கு ஏறிவிட்டது. அடுத்த கிழமை டொத்தோரே உடன்பாட்டுக்கு வந்தார். வெட்டிய மணித்தியாலங்களில் பெரும்பகுதி திரும்ப வந்தது. காலையும் பின்னேரமும் துண்டு துண்டாக வேலை என்பது போய்விட்டது. புதியவர்களுக்கும் பழையவர்களுக்கும் ஒரே ஒப்பந்தம். செயலி மட்டும் நின்றது. அழுகைமுகத்துக்குத் தண்டனை இல்லை, சும்மா அழும்.

உடன்பாட்டில் சங்கம் கேட்டு வாங்கிய இன்னொரு வரியும் இருந்தது: கப்போவும் இனிமேல் பரீட்சை எழுதித்தான் வரவேண்டும். அதை வாசித்தபோது ஏர்னஸ்றும் கை தட்டினார், பாதியில்தான் விளங்கியது.

அவரும் எழுதினார். "வெளிப்படைத்தன்மை என்றால் என்ன?" என்ற கேள்விக்கு, "பழைய பத்திரிகையும் வினாகிரியும் போட்டுத் துடைத்தால் கண்ணாடி வெளிப்படையாக வரும், குருவி வந்து மோதும்" என்று எழுதினார். மதிப்பெண் கிடைக்கவில்லை. செலஸ்ரீனா கப்போ ஆனார். முதல் நாளே எல்லா மாடிக் கழிவறைகளையும் கிழமை மாறி முறை வைத்தார். அதில் தன் பெயரையும் போட்டார். ஏர்னஸ்றுக்கு நாலாம் மாடி வந்தது. அங்கே எத்தனை கழிவறை என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

சங்கத்தின் தொழிலாளர் பிரதிநிதியாக விமலராஜ் தெரிவானான். பிரதிநிதிகளுக்குச் சங்க வேலைக்கென்று மாதத்தில் சில மணித்தியாலம் விடுப்பு உண்டு. எங்கள் ஆட்களில் அந்தச் சட்டத்தை முழுதாக வாசித்தவன் அவன் ஒருவன்தான். கோபக்காரன் என்பதால் டொத்தோரேக்கு அவனிடம் பயம். உண்மையில் நல்ல பிரதிநிதி. ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் இப்போது அவனைத் தேடிப் போகிறார்கள். "பாப்பம்" என்று சொல்கிறானாம்.

பிரசாந்தின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மருமகன் இரண்டு பதவியையும் சேர்த்துப் பார்க்கிறான். கடைசி நாள், வாசல் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகும் வழியில், பிரசாந் நாலாம் மாடிக்கு வந்தான். ஏர்னஸ்ற் நடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கவனம் தம்பி, ஈரம்."

பிரசாந் சுவரோரமாக நின்றான். "அங்கிள், நான் எப்பிடி இந்த வேலைக்கு வந்தனான் எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"என்னாலை அவ்வளவு பிரச்சினைப்பட்டும், ஏன் ஒருக்காலும் சொல்லிக் காட்டேல்லை?"

ஏர்னஸ்ற் துடைப்பானைப் பிழிந்தார். "தாய் பிள்ளைக்காகக் கேக்கிறது ஒரு குற்றமோ? என்னட்டை வந்து கேட்டிருந்தா நானும் போட்டிருப்பன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சிவமலர் அக்கா நல்லா இடியப்பம் பிழிவா," என்றார்.

பிரசாந்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, பொலோஞ்ஞாவில் ஒரு நகரசபை வேலைக்குப் பரீட்சை எழுதப் போவதாகச் சொன்னான். சில இடங்களுக்குப் பல ஆயிரம் பேர் எழுதுகிறார்களாம்.

"பொலோஞ்ஞாவோ?" ஏர்னஸ்றின் கை தானாக நின்றது. "அங்கை எனக்கொரு ஆளைத் தெரியும். சொல்லிவிடட்டே?"

"வேண்டாம் அங்கிள்," என்றான் பிரசாந் உடனே. "நான் எழுதியே போறன்."

"அதுவும் சரிதான்," என்று ஏர்னஸ்ற் மறுபடி குனிந்தார்.

பிரசாந் போய் லிஃப்ற்றின் பொத்தானை அழுத்தினான். அந்தக் கட்டடத்து லிஃப்ற் எப்போதும் சுணங்கித்தான் வரும். அவன் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பாமலே கேட்டான்:

"அந்த ஆள் அங்கை என்ன வேலை செய்யிறார், அங்கிள்?"